முழுநாள் மழலையர் வகுப்பில் பிள்ளைகள் அவ்வளவு நேரம் என்ன செய்கிறார்கள்?

ஐந்து வயதை எட்டப்போகும் மகளை முழுநாள் மழலையர் வகுப்பில் சேர்க்கலாமா என்று யோசிக்கும் ஒரு தாய் இப்படிக் கேட்டிருக்கிறார்: "காலையில் கொண்டுபோய் விட்டால் பிற்பகலில்தான் திரும்புவாள். ஆறு மணி நேரம் அந்தச் சின்ன உடம்பு தாங்குமா? அவ்வளவு நேரம் அங்கே என்னதான் சொல்லிக்கொடுப்பார்கள்? வெறுமனே பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் இடந்தானா அது?" மூன்றும் நியாயமான கேள்விகள். இந்த வயதுப் பிள்ளைகளின் வகுப்பில் பல ஆண்டுகள் நின்ற அனுபவத்திலிருந்து சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. அரைநாள் வகுப்பு என்பது பெரும்பாலும் இரண்டரை முதல் மூன்று மணி நேரம். முழுநாள் என்பது ஏறக்குறைய ஆறு மணி நேரம். நேரம் இரண்டு மடங்கானால் பாடமும் இரண்டு மடங்காகும் என்று பெற்றோர் நினைப்பது இயல்பே. நல்ல வகுப்பில் அப்படி நடப்பதில்லை. பையை மாட்டுவது, கை கழுவுவது, வட்டமாக உட்கார்ந்து பேசுவது, சிற்றுண்டி உண்பது, பொருள்களை எடுத்து வைப்பது, மறுபடியும் காலணியை மாட்டிக்கொண்டு கிளம்புவது ஆகியவற்றுக்கே அரைநாள் வகுப்பில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். மிஞ்சும் நேரத்தைத் துண்டு துண்டாக வெட்டித்தான் கதைக்கும் எண்ணுக்கும் விளையாட்டுக்கும் கொடுக்க முடியும். பிள்ளையோ, எதைக் கையில் எடுப்பது, யாரோடு சேர்ந்துகொள்வது என்று முடிவு செய்யவே கால் மணி நேரம் எடுத்துக்கொள்ளும். விளையாட்டு சூடு பிடிக்கும் வேளையில் "எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்" என்ற குரல் கேட்டுவிடும். முழுநாள் வகுப்பு கூடுதலாகத் தருவது அவசரமில்லாத நேரத்தைத்தான். அந்த நேரத்தைப் பயிற்சித்தாள்களால் நிரப்பிவிடும் பள்ளியில் பிள்ளையை ஆறு மணி நேரம் வைத்திருப்பதில் எந்தப் பொருளும் இல்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மழலையர் கல்வி பிறந்ததே விளையாட்டிலிருந்துதான். ஃபிரெட்ரிக் ஃபுரோபல் என்ற கல்வியாளர் 1837-இல் ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க் நகரில் விளையாட்டையும் செயலையும் நடுவில் வைத்துச் சிறு பிள்ளைகளுக்காக ஒரு நிலையத்தைத் தொடங்கினார். 1840-இல் அதற்குக் கிண்டர்கார்ட்டன், அதாவது பிள்ளைகளின் தோட்டம், என்று பெயரிட்டார். அவர் பிள்ளைகளின் கையில் கொடுத்தவை கம்பளி நூல் பந்துகள், மர உருண்டை, உருளை, எட்டுச் சிறு துண்டுகளாகப் பிரியும் கனசதுரம் போன்றவை. (பிரஷ்ய அரசு 1851-இல் இந்தப் பள்ளிகளைத் தடை செய்து, 1860-இல்தான் தடையை விலக்கியது. கட்டை அடுக்கும் பிள்ளைகளைக் கண்டுகூட ஓர் அரசு மிரண்டிருக்கிறது.) பிறகு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கில் கரோலின் பிராட் என்ற ஆசிரியை வடிவமைத்த மரக்கட்டைகள் இன்றும் பல வகுப்பறைகளின் அலமாரிகளில் இருக்கின்றன. அவற்றின் நீளமும் அகலமும் கனமும் 4:2:1 என்ற விகிதத்தில் அமைந்தவை. அதனால் இரண்டு சிறிய கட்டைகள் சேர்ந்தால் ஒரு பெரிய கட்டைக்குச் சரியாக நிற்கும். பின்னம் என்ற சொல்லைக் கேள்விப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே பாதியும் காலும் பிள்ளையின் கைக்குத் தெரிந்துவிடும்.

இனி ஒரு நாளின் போக்கைப் பார்ப்போம். காலையில் உள்ளே வந்ததும் பையைத் தன் பெயர் எழுதிய கொக்கியில் மாட்ட வேண்டும். சாப்பாட்டு டப்பாவை அதற்குரிய இடத்தில் வைக்க வேண்டும். வருகைப் பலகையில் தன் பெயர் அட்டையைத் தேடி எடுத்து ஒட்ட வேண்டும். பார்ப்பதற்கு இது வெறும் ஒழுங்குமுறை. ஆனால் இருபது பெயர்களுக்கு நடுவே தன் பெயரைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாலான பிள்ளைகளின் முதல் வாசிப்பு. ஆண்டின் தொடக்கத்தில் அட்டையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்து எடுப்பார்கள்; சில வாரங்களில் முதல் எழுத்தைப் பார்த்து எடுப்பார்கள்; ஒரே எழுத்தில் தொடங்கும் இரண்டு பெயர்கள் வகுப்பில் இருந்தால், அந்த இரண்டு பிள்ளைகளும் மற்றவர்களுக்கு முன்பாகவே இரண்டாம் எழுத்தைக் கவனிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

அடுத்து வட்டமாக உட்காரும் நேரம். பாட்டு, அன்றைய நாள், வானிலை, யாராவது ஒரு பிள்ளை சொல்ல விரும்பும் செய்தி, ஒரு கதை ஆகியவை இதில் வரும். இதற்குப் பதினைந்து, இருபது நிமிடங்களே போதும். நாற்பது நிமிடங்கள் நாட்காட்டியைக் காட்டி வகுப்பு நடத்துபவர்களைப் பார்த்திருக்கிறேன்; பின்வரிசையில் இருப்பவர்கள் அதற்குள் ஒருவர் சட்டைப் பொத்தானை ஒருவர் திருகத் தொடங்கிவிடுவார்கள்.

அதன் பிறகுதான் நாளின் முதுகெலும்பு: குறைந்தது ஒரு மணி நேரம் நீளும் விருப்ப விளையாட்டு. அறையில் கட்டைகளுக்கு ஒரு மூலை, சொப்பு விளையாட்டுக்கு ஒரு மூலை, மணல் தொட்டி, தண்ணீர்த் தொட்டி, ஓவிய மேசை, புத்தகத் திட்டு, களிமண் மேசை என்று இடங்கள் பிரிக்கப்பட்டிருக்கும். பிள்ளை தானே தேர்ந்தெடுத்துச் செல்லலாம். இந்த நேரத்தில் ஆசிரியர் ஓய்வெடுப்பதில்லை. கையில் குறிப்பேட்டோடு ஒவ்வோர் இடமாகச் சென்று கவனிக்கிறார், தேவையான இடத்தில் ஒரு கேள்வி கேட்கிறார், தேவையில்லாத இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கிறார். இந்த மூன்றாவதுதான் கற்றுக்கொள்ள மிகக் கடினமானது.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு பிள்ளைகள் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு தூண்களை நிறுத்திவிட்டு மேலே வைக்க ஒரு கட்டையை எடுத்தார்கள், அது எட்டவில்லை. இன்னும் நீளமான கட்டையைத் தேடினார்கள். அவை எல்லாம் வேறொரு கூட்டத்தின் சாலைக்குப் போயிருந்தன. ஒருத்தி தூண்களை நெருக்கி வைத்தாள். "லாரி உள்ளே போகாது" என்று மற்றவன் அதை மறுத்துவிட்டான். இரண்டு குட்டைக் கட்டைகளை நுனியோடு நுனி ஒட்டி மேலே வைத்தார்கள். நடுவில் மடிந்து விழுந்தது. மூன்று முறை விழுந்த பிறகு, அவள் நடுவில் ஒரு தூணைக் கொண்டுவந்து நிறுத்தினாள். நின்றது. லாரி போக இப்போது இரண்டு வழிகள் ஆகிவிட்டதால் ஒன்று போவதற்கு, ஒன்று வருவதற்கு என்று சட்டம் போட்டார்கள். அதற்குள் சாப்பாட்டு வேளை வந்துவிட்டது. கலைக்க வேண்டாம், சாப்பிட்டுவிட்டு வந்து தொடரலாம் என்றதும், அவன் ஓவிய மேசைக்கு ஓடி ஒரு தாளில் 'இடிகாதே' என்று எழுதிக் கொண்டுவந்து பாலத்தின் முன் சாய்த்து வைத்தான். ஒரு 'க்' விடுபட்டிருந்தது. நான் திருத்தவில்லை. ஒலியைப் பிரித்துக் கேட்டு, அதற்குரிய எழுத்தைத் தேடி, படிக்கப்போகும் ஒருவரை மனத்தில் வைத்து அவன் தானாக எழுதியிருந்தான். விடுபட்ட புள்ளி எழுத்தை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். அரைநாள் வகுப்பாக இருந்திருந்தால் மூன்றாவது முறை விழுந்ததும் கட்டைகள் அலமாரிக்குப் போயிருக்கும்.

கணிதம் என்று தனியாகக் கேட்பவர்களுக்கு: நூறு வரை ஒப்பிப்பது வேறு, எண்ணத் தெரிவது வேறு. ஏழு பொத்தான்களை ஒரு பிள்ளையின் முன் வைத்து எண்ணச் சொல்லுங்கள். ஒவ்வொன்றாகத் தொட்டு "ஏழு" என்று முடித்ததும், "மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். சில பிள்ளைகள் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குவார்கள். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்த அளவு என்பது அவர்களுக்கு இன்னும் பிடிபடவில்லை என்று பொருள். ரோச்செல் கெல்மன், கேலிஸ்டல் என்ற உளவியலாளர்கள் 1978-இல் எண்ணுதலின் ஐந்து அடிப்படைகளைப் பிரித்துக் காட்டியபோது இதை அவற்றில் ஒன்றாக வைத்தார்கள்; ஒரு பொருளுக்கு ஒரே எண்ணைச் சொல்வது, எண்களை மாறாத வரிசையில் சொல்வது ஆகியவை அவற்றில் வேறு இரண்டு. குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த பியாஜே காட்டிய இன்னொன்றும் உண்டு: ஒரே எண்ணிக்கையுள்ள இரண்டு வரிசைகளில் ஒன்றை மட்டும் இடைவெளி விட்டு நீட்டி வைத்தால், நீளமான வரிசையில் அதிகம் இருக்கிறது என்று இந்த வயதுப் பிள்ளைகள் பலரும் உறுதியாகச் சொல்வார்கள். இதையெல்லாம் பயிற்சித்தாள் கற்றுத் தராது. தட்டுகளை ஆளுக்கு ஒன்றாக வைப்பது, பகடையின் புள்ளிகளை எண்ணாமலே பார்த்த மாத்திரத்தில் ஐந்து என்று சொல்வது, சிவப்பு மணி, நீல மணி என்று மாற்றி மாற்றிக் கோத்து அடுத்தது என்னவென்று ஊகிப்பது, இரண்டு கிண்ணங்களில் எதில் தண்ணீர் அதிகம் பிடிக்கும் என்று ஊற்றிப் பார்ப்பது ஆகியவைதான் கற்றுத் தரும். ஆண்டின் முடிவில் இருபது பொருள்கள் வரை பிழையின்றி எண்ணவும், பத்துக்குள் சேர்க்கவும் பிரிக்கவும் பெரும்பாலோருக்கு வந்துவிடும்.

மொழியில் காதுக்குத்தான் முதல் வேலை. எழுத்துக்கு முன்னால் ஒலி வர வேண்டும். 'யானை' என்றால் இரண்டு தட்டு, 'குதிரை' என்றால் மூன்று தட்டு என்று கை தட்டிச் சொல்லைப் பிரிப்பது, 'மரம்', 'மலை', 'மயில்' ஆகிய மூன்றும் எந்த ஒலியில் தொடங்குகின்றன என்று கேட்பது, 'படம்' என்பதில் முதல் ஒலியை எடுத்துவிட்டு 'கு' வைத்தால் என்ன சொல் வரும் என்று விளையாடுவது ஆகியவை நாள்தோறும் நடக்கும். ஆசிரியர் ஒரே கதையை ஒரு வாரத்தில் மூன்று, நான்கு முறை படிப்பார். ஏற்கெனவே கேட்ட கதைதானே என்று பெரியவர்கள் சலித்துக்கொள்ளலாம். முதல் முறை என்ன நடந்தது என்று கேட்ட பிள்ளை, மூன்றாவது முறைதான் அது ஏன் நடந்தது என்று கேட்கும், நான்காவது முறை புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தானே பக்கம் புரட்டி 'வாசிக்கும்'. தான் வரைந்த படத்தைப் பற்றிப் பிள்ளை சொல்வதை ஆசிரியர் அப்படியே எழுதி, விரலால் தொட்டுக்கொண்டே திரும்பப் படித்துக் காட்டுவது இன்னொரு வழி. வாயிலிருந்து வந்த சொல் தாளில் உட்கார்ந்திருப்பதைக் கண்ணால் கண்ட பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று விளக்கத் தேவையில்லை. ஆண்டு முடிவில் சிலர் சரளமாக வாசிப்பார்கள், சிலர் எழுத்துக் கூட்டுவார்கள், சிலர் எழுத்துகளை அடையாளம் காண்பதோடு நிற்பார்கள்; இந்த வேறுபாடு இயல்பானது.

எழுதுவதைப் பற்றித்தான் பெற்றோர் அதிகம் கவலைப்படுகிறார்கள். மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை குருத்தெலும்பாகவே இருக்கின்றன. ஆண்டுக்கணக்கில் ஒவ்வொன்றாகத்தான் எலும்பாக மாறுகின்றன. ஐந்து வயதில் அந்த வேலை முடிந்திருக்காது. பக்கம் பக்கமாக எழுதச் சொன்னால் பிள்ளை பென்சிலை முஷ்டியால் இறுக்கிப் பிடித்துத் தோளிலிருந்து எழுதும். ஆகவே விரல்களுக்கு வேறு வேலை கொடுக்கிறோம்: களிமண்ணைப் பிசைவது, கிள்ளி உருட்டுவது, கத்தரிக்கோலால் முதலில் தாளின் ஓரத்தில் சிறு சிறு வெட்டுகளும் பிறகு நேர்கோடும் அதன் பிறகு வளைகோடும் வெட்டுவது, இடுக்கியால் மணிகளை எடுத்துப் போடுவது. சிறு துண்டாக உடைத்த கிரேயானைக் கொடுப்பது ஒரு பழைய தந்திரம். மூன்று விரல்களால் அன்றி அதைப் பிடிக்கவே முடியாது. எழுத்துகளிலும் ட, ப, ம என்று கோடுகளால் ஆனவற்றில் தொடங்கி, சுழிகள் உள்ள அ, இ போன்றவற்றை அதன் பிறகு எடுப்பது கைக்கு எளிது.

சாப்பாட்டு வேளையையும் ஓய்வையும் இடைவேளை என்று ஒதுக்கிவிடுகிறார்கள்; எனக்கு அவையும் பாடமே. டப்பாவின் மூடியைத் திறக்க முடியாதபோது அழாமல் உதவி கேட்பது, சிந்தியதைத் தானே துடைப்பது, பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே சாப்பிட்டு முடிப்பது ஆகியவற்றை அரைநாள் வகுப்பில் இந்த அளவுக்குப் பழக வாய்ப்பில்லை. சாப்பிட்டபின் விளக்கைக் குறைத்துப் பாய் விரிப்பார்கள். தூங்குகிறவர்கள் தூங்கலாம், மற்றவர்கள் படுத்தபடி படம் பார்க்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி 3, 4 வயதுப் பிள்ளைகளுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கமும், குறைந்தது 180 நிமிட உடல் அசைவும் தேவை. முழுநாள் வகுப்பில் இருக்கும் பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் பாதியைப் பள்ளியிலேயே கழிப்பதால், இந்த இரண்டுக்கும் பள்ளிதான் பெருமளவு பொறுப்பு. வெளியில் ஓடியாடும் நேரம் காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று என்று இரண்டு முறையாவது இருக்க வேண்டும். ஓடுவதையும் ஏறுவதையும் ஒரு பிள்ளைக்குத் தண்டனையாக நிறுத்திவைக்கும் வழக்கம் எங்காவது இருந்தால் அது தவறு. யார் உட்கார முடியாமல் நெளிகிறார்களோ அவர்களுக்குத்தான் அது அதிகம் தேவை.

முழுநாளில் மட்டுமே கைகூடும் ஒரு பாடம் எனக்கு மிகவும் பிடித்தமானது. காலையில் வெளியே போகும்போது ஒரு பிள்ளையைத் தரையில் ஓரிடத்தில் நிறுத்தி, அதன் நிழலைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் கோடு போடுவோம். நண்பகலில் அதே இடத்தில் மறுபடி நிறுத்தினால், நிழல் சுருங்கி இடம் மாறியிருக்கும். "நீ சரியாக நிற்கவில்லை" என்று மற்றவர்கள் சண்டைக்கு வருவார்கள். பிற்பகலில் மூன்றாவது கோடு எதிர்ப்பக்கம் நீளும். நகர்ந்தது பிள்ளையா, சூரியனா என்ற விவாதம் அன்று முடியாது; மறுநாளும் நிழலை வரைந்து பார்க்கலாம் என்று அவர்களே சொல்வார்கள். பூமிதான் சுழல்கிறது என்பதை விளக்க நான் அவசரப்பட்டதில்லை. கவனித்து, ஊகித்து, சரிபார்க்கும் பழக்கம் வந்தால் இந்த வயதில் அதுவே அறிவியல்.

பிறரோடு பழகுவதுதான் இவை எல்லாவற்றிலும் கடினமானது. ஒரே வண்டிக்கு இரண்டு பேர் கை நீட்டினால், ஆசிரியர் நீதிபதியாகித் தீர்ப்புச் சொன்னால் அரை நிமிடத்தில் அமைதி திரும்பும். பிள்ளைகள் எதையும் கற்றிருக்க மாட்டார்கள். "உனக்கும் வேண்டும், அவனுக்கும் வேண்டும், வண்டி ஒன்றுதான் இருக்கிறது, என்ன செய்யலாம்?" என்று கேட்டு அருகில் உட்கார்ந்துவிட்டால் பத்து நிமிடங்கள் ஆகும். நேரம் தாராளமாக இருக்கும் வகுப்பில்தான் அந்தப் பத்து நிமிடங்களைச் செலவிட முடியும். தன் முறை வரும்வரை காத்திருப்பது, சொன்னதை நினைவில் வைத்து இரண்டு மூன்று வேலைகளை வரிசையாகச் செய்வது, பாட்டு நின்றதும் ஓடும் காலை நிறுத்துவது ஆகியவை விளையாட்டாகத் தோன்றினாலும், மனத்தைத் தன் பிடியில் வைத்துக்கொள்ளும் பயிற்சிகள். முதல் வகுப்பு ஆசிரியர்களைக் கேட்டால், எழுத்து தெரிந்து வரும் பிள்ளையைவிட இது தெரிந்து வரும் பிள்ளையையே விரும்புவதாகச் சொல்வார்கள்.

முழுநாள் வகுப்புக்குப் போனால் பிள்ளை மற்றவர்களை முந்திவிடுமா என்பதற்கும் நேர்மையான பதில் வேண்டும். அமெரிக்காவில் 1998-இல் மழலையர் வகுப்பில் சேர்ந்த ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில், முழுநாள் வகுப்பில் படித்தவர்கள் ஆண்டின் முடிவில் வாசிப்பிலும் கணக்கிலும் அரைநாள் பிள்ளைகளைவிடக் கூடுதலாக முன்னேறியிருந்தது தெரிந்தது. ஆனால் அடுத்த சில வகுப்புகளுக்குள் அந்த இடைவெளி பெரும்பாலும் கரைந்துவிட்டது. ஆகவே நெடுங்காலப் போட்டிக்கான முன்தொடக்கமாக இதை எண்ண வேண்டாம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2010-இல் தொடங்கிப் படிப்படியாக 4, 5 வயதினர் அனைவருக்கும் முழுநாள் வகுப்பைக் கொண்டுவந்தபோது, ஆசிரியர் ஒருவரோடு மழலையர் கல்வியில் பயிற்சி பெற்ற இன்னொருவரையும் வகுப்பில் சேர்த்தே அமைத்தது. நேரத்தைக் கூட்டும்போது ஆளையும் கூட்ட வேண்டும் என்பதை அவர்கள் புரிந்துவைத்திருந்தார்கள்; நீங்கள் பார்க்கும் பள்ளியிலும் ஓர் அறைக்கு எத்தனை பெரியவர்கள் என்று கேளுங்கள்.

கூடவே அன்றாட அட்டவணையையும் வாங்கிப் பாருங்கள். அதில் இடைவெட்டு இல்லாமல் நீளும் விளையாட்டு நேரம் எவ்வளவு, வெளியில் செல்வது எத்தனை முறை, ஓய்வு உண்டா என்பவற்றைக் கவனித்தால் போதும். அரை மணிக்கு ஒரு பாடமாகக் கட்டம் கட்டியிருந்தால் வேறு பள்ளியைத் தேடுங்கள். சுவரில் இருக்கும் ஓவியங்கள் இருபதும் ஒன்றுபோலவே இருந்தாலும் அப்படித்தான். அவற்றை வரைந்தது பிள்ளைகளின் கை அல்ல.

உடம்பு தாங்குமா என்று கேட்டிருந்தீர்கள். முதல் நான்கைந்து வாரங்கள் தாங்காததுபோலத்தான் தெரியும். பள்ளியில் நாள் முழுவதும் சமாளித்த பிள்ளை, வீட்டு வாசலை மிதித்ததும் ஒன்றுமில்லாததற்கு உடைந்து அழும். காலுறை சரியாக இல்லை என்று ரகளை செய்யும். அது பள்ளியைப் பிடிக்காததால் அன்று, அடக்கி வைத்ததை உங்களிடம் அவிழ்த்துவிடுவதால். அந்த வாரங்களில் மாலையில் வேறு வகுப்பு எதிலும் சேர்க்காதீர்கள்; படுக்கையை ஒரு மணி நேரம் முன்னதாகப் போடுங்கள். இரண்டு மாதங்கள் ஆகியும் பசி குறைந்து, தூக்கம் கெட்டு, காலை தோறும் வயிற்றுவலி என்று சொன்னால், ஆசிரியரிடம் பேசிச் சில நாள்களாவது பாதி நாளாக அனுப்ப முடியுமா என்று கேட்கலாம்.

"இன்று என்ன படித்தாய்?" என்று மட்டும் கேட்காதீர்கள், "ஒன்றுமில்லை" என்றுதான் பதில் வரும், அதுவும் பொய்யல்ல, ஏனென்றால் அவள் நினைப்பில் அன்று விளையாடியதுதான் இருக்கிறது. என்ன கட்டினாய், யாரோடு கட்டினாய், எத்தனை முறை விழுந்தது என்று கேட்டுப் பாருங்கள். அப்போதும் பேசாவிட்டால் விட்டுவிடுங்கள். இரவு விளக்கை அணைத்து நீங்களும் கண் அயரும் நேரம் பார்த்து, எல்லாக் கதையும் ஒன்றன்பின் ஒன்றாக வரும்.